மூச்சுத் துளை

செப்டம்பர் 8, திங்கள்

டைரி எழுதி ஆறு வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியது மாமியார் எங்களோடு இருந்த காலத்தில். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாதபோதுதான் எனக்கு எழுத்தே வருகிறது. இன்றைக்கு அப்படி ஒரு நாள்.

கம்பெனியில் புது டிசைன் என்ஜினியர் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பிரின்சி மச்சாடோ. வயது இருபத்தாறு. திரேஸ்புரத்தில் மீனவர் வீட்டுப் பெண். நாங்கள் செய்வதும் மீனவர்களுக்கான சாமான்தான், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கைப்பட்டை. கடலில் ஆபத்து என்றால் பொத்தானை ஐந்து நொடி அமுக்கினால் போதும், வள்ளம் இருக்கும் இடம் கரைக்குத் தெரிந்துவிடும். அதற்குள் தண்ணீர் போகிறதா, விழுந்தால் உடைகிறதா, வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்குகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். டெஸ்டிங் பிரிவுக்குப் பதினோரு வருஷமாக இந்த உலகம்மாள்தான் பொறுப்பு. டிப்ளமோக்காரிதான். ஆனால் என் கையெழுத்து இல்லாமல் ஒரு பட்டை வாசல் தாண்டியதில்லை.

பழைய பட்டை என் யோசனை. உள்ளே முழுக்கப் பிசினை ஊற்றி இறுக மூடிவிடுவது. தண்ணீர் போக இடமே இருக்காது. என்ன, வெயிலில் கிடந்து கிடந்து ஒரு வருஷத்தில் பிசின் வெடிக்கும். பேட்டரியும் மாற்ற முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

இன்று அந்தப் பெண் புதுப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். முகப்பில் மிளகு அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்துக்கு நடுவில் ஓட்டை!

"ஏம்மா, தண்ணி போகக்கூடாதுன்னு செய்யுத சாமான்ல நீயே ஓட்டை போட்டு வச்சிருக்கியே?" என்று கேட்டேன். முதலாளி காசிராஜன் சார் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"மூடுனாத்தான்க்கா தண்ணி போகும்," என்றாள். "வெயில்ல உள்ள இருக்க காத்து சூடாயிரும். அந்தச் சூட்டோட கைய கடல்ல முக்குனா காத்து சுருங்கும். சுருங்கும்போது ஏதாவது ஒரு இடுக்கு வழியா தண்ணிய உறிஞ்சிரும். அதான் இந்த மூச்சுத் துளை. உள்ள ஒரு சவ்வு இருக்கு. காத்து போய் வரும், தண்ணி போகாது."

எனக்குப் பாடம் எடுக்கிறாள். உறிஞ்சுகிறது என்பதை இந்தக் கம்பெனியில் முதலில் கண்டுபிடித்தவளே நான்தான். துளை போடலாம் என்று மட்டும் தோன்றவில்லை. இவ்வளவு சின்ன விஷயம், தோன்றியிருக்கலாம்.

புளிக்குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

புதுப் பட்டைக்கு இன்று சோதனை. சூடேற்றும் பெட்டியில் ஒரு மணி நேரம், எடுத்த சூட்டோடு உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அடுத்தது தோள் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போடுவது. கணக்குப்படி இருபத்தாறு தடவை. நான் நாற்பது தடவை போட்டேன். எண்ணிக்கை தவறிவிட்டது.

ஒரு கீறல் விழுந்தது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சார் மீட்டிங் போட்டு அறிவித்துவிட்டார். ஆயுத பூஜை முடிந்ததும் பன்னிரண்டு புதுப் பட்டைகளைப் பன்னிரண்டு வள்ளக்காரர்களிடம் கொடுத்துப் பார்க்கப் போகிறோம். சரியாக வந்தால் ஆர்டர் பெரிது. "எல்லாம் நம்ம பிரின்சி மூளை," என்று சொல்லிக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். பதினோரு வருஷத்தில் எனக்கு ஒரு தடவை தட்டியிருப்பார்களா? காலண்டர் கொடுத்தார்கள், வருஷா வருஷம்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஊர் வாயைக் கேட்டுக் கேட்டு அவர் வாயும் நீண்டுவிட்டது.

"ஏளா, அந்தப் புள்ள பேரச் சொல்லாம ஒனக்கு சோறு எறங்காதோ?" என்றார். "ஒன்றரை மாசமா இந்த வீட்டுல அவ பாட்டுதான். பொறாமையா?"

பொறாமையாம்! நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான், அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாம். அவருக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பிரின்சியின் அப்பா கம்பெனிக்கு வந்தார். சந்தியாகு. அறுபது இருக்கும், வெயிலில் காய்ந்த கறுப்பு, பல் எல்லாம் சிரிப்பு. பன்னிரண்டு பட்டையில் ஒன்று அவருக்குத்தான். எனக்கென்று ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்திருந்தார்.

"எம் மவ ஒங்களப் பத்தித்தாம்மா பேசுவா," என்றார். "உலகம்மா அக்கா கையெழுத்துப் போட்டாத்தான் அத நீங்க கையில கட்டணும்பா. நீங்க பாத்துக் குடுத்தா எனக்கும் தைரியம்."

மகள் செய்த பட்டையை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தார். வாட்ச்மேனிடம் போய்க் காட்டினார். என் அப்பா சாகிற வரைக்கும் நான் ஏதோ ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்கிறேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட இந்த வாசலை மிதித்ததில்லை.

நண்டு நல்ல சதைப்பற்று. மிளகு போட்டு வறுத்தேன். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வீட்டுக்காரர்தான் ஒன்று விடாமல் கடித்துத் தீர்த்தார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வருஷம்தோறும் மிஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. சூடேற்றும் பெட்டி, தொட்டி, தராசு, கம்ப்யூட்டர், சாரின் கார், எல்லாவற்றுக்கும் வைத்தேன். பன்னிரண்டு பட்டைகளையும் வாழை இலையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பிரின்சி பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

பட்டை சின்னது. எங்கே வைப்பது? முகப்பில் அந்தப் பள்ளம் பொட்டுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. சந்தனம் நன்றாகக் குழைந்து வந்திருந்தது, பன்னிரண்டும் அச்சு அடித்தது போல விழுந்தன. சார்கூட "அழகா இருக்கும்மா" என்றார்.

பிரின்சி வந்து பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, "அக்கா, துளை மேல பட்டிருக்கே. நான் தொடச்சிரட்டுமா?" என்றாள்.

"சாமிக்கு வச்சதத் தொடைக்கக் கூடாதுளா," என்றேன். "நல்ல நாளும் அதுவுமா! ரெண்டு நாள்ல தானா உதுந்துரும். இல்லன்னா நான் பாத்துக்கிடுதேன்."

"ஐயோ, சரிக்கா. தெரியாமக் கேட்டுட்டேன்," என்று பயந்துபோனாள். வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், பூஜை விஷயத்தில் வாயைக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வராது.

திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள். பொரியில் இந்த வருஷம் பொட்டுக்கடலை குறைவு.

அக்டோபர் 3, வெள்ளி

பட்டைகளைத் துடைத்து வைத்தேன். மேலே பளபளவென்று இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் கடைசிச் சோதனை. தொட்டியில் முக்கிப் பார்த்தேன், பன்னிரண்டிலும் தண்ணீர் இல்லை. முறைப்படி முதலில் சூடேற்றிவிட்டு முக்க வேண்டும். பெட்டி சூடாகவே ஒரு மணி நேரம் ஆகும். பூஜை முடிந்து இரண்டாம் நாள், பாதிப் பேர் லீவு. யாருக்குப் பொறுமை?

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

சனிக்கிழமை கடற்கரையில் பட்டை கொடுத்தார்கள். இன்று பேப்பரில் படம் வந்திருக்கிறது. நடுவில் பிரின்சி, இந்தப் பக்கம் சார், அந்தப் பக்கம் சந்தியாகு. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. புதுப் புடவை கட்டிக்கொண்டு போன முழங்கை.

"இந்த முழங்கைக்குக் கீழ ஒம் பேரு போட்டிருக்கா?" என்று வீட்டுக்காரர் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கித் தேடினார். அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆமாம், எரிகிறது. யாரும் படிக்கப்போகிறதில்லை, எழுதிவிட்டுப் போகிறேன். அவள் வயது எரிகிறது. அவள் அப்பா எரிகிறார். அந்தத் துளை ஏன் எனக்குத் தோன்றாமல் அவளுக்குத் தோன்றியது என்பது எல்லாவற்றையும்விட எரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

வள்ளக்காரர் ஒருவர் பட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது, விளக்கு எரியவில்லை. பிரின்சி வங்கிக்குப் போயிருந்தாள். நான்தான் வாங்கினேன். பேட்டரிக் கோளாறாக இருக்கும் என்று சொல்லி, பூஜைக்கு வைக்காத உபரிப் பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர். துளையில் ஊசியை விட்டேன். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. முகர்ந்து பார்த்தேன்.

அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு பட்டை கெட்டால் எல்லாம் கெட்டது என்று அர்த்தமா என்ன?

அக்டோபர் 10, வெள்ளி

தீபாவளிக்கு முறுக்கு மாவு திரித்து வந்தேன். மில்லில் கூட்டம்.

அக்டோபர் 11, சனி

வேலை அதிகம். தலைவலி.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் முறுக்கு சுட்டேன். முதல் ஈடு பிரிந்துபோயிற்று, வெண்ணெய் அதிகம்.

பத்து மணி சுமாருக்குப் பிரின்சி போன் செய்தாள். கோயில் முடிந்து வந்திருப்பாள். "அக்கா, அப்பா வள்ளத்துக்கு இன்னைக்குத்தான் என்ஜின் ரெடியாச்சு. நாளைக்குக் கடலுக்குப் போறாவ. இப்பமே பட்டையக் கட்டிக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்துதாவ," என்று சிரித்தாள். "வானம் ஒரு மாதிரி இருக்கு. இது கையில கெடக்குன்னு எனக்கு ஒரு நிம்மதி."

"நல்லது," என்றேன். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஈடு நன்றாக வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

சந்தியாகு கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று பிற்பகல் கடலில் திடீரென்று காற்று அடித்து அவர் வள்ளம் கவிழ்ந்திருக்கிறது. அவரும் அவர் மச்சானும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு இன்று பதினோரு மணி வரைக்கும் தண்ணீரில் கிடந்திருக்கிறார்கள். மச்சானுக்குச் சேதமில்லை. வேறொரு வள்ளம் தற்செயலாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்துத் தூக்கியிருக்கிறது. நேற்று சாயங்காலத்திலிருந்து ஊரே தேடியிருக்கிறது. எந்தப் பக்கம் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கம்பெனித் திரையில் ஒரு புள்ளியும் வரவில்லை. பிரின்சி காலை வரை அந்தத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை நழுவக் கூடாது என்று வலது மணிக்கட்டைக் கயிற்றால் வள்ளத்தோடு கட்டியிருக்கிறார். கயிறு இறுகி இரண்டு விரல் நீலமாகக் கிடக்கிறது. உணர்ச்சி திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லை. இடது பெருவிரலில் தோலே இல்லை.

"அமுக்கிக்கிட்டேதாம்மா கெடந்தேன்," என்றார் என்னைப் பார்த்து. "லைட்டு எரியல. நான்தான் சரியா அமுக்கலியோன்னு மறுபடி மறுபடி அமுக்குனேன்."

அவருக்கு ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். கட்டில் காலடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

காசிராஜன் சார் காலையிலேயே கூப்பிட்டார். "நீங்க அன்னைக்கே சொன்னியம்மா, ஓட்டை எதுக்குன்னு. அனுபவம்னா அனுபவம்தான்," என்றார். கொடுத்த பட்டையெல்லாம் திரும்ப வாங்கியாகிவிட்டது. மொத்தம் ஏழு கெட்டிருக்கிறது. இனி பழையபடி பிசினே ஊற்றலாம், பிரின்சியை இந்த மாதத்தோடு அனுப்பிவிடலாம் என்றார். குறை அறிக்கையை நான்தான் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

மறைக்காமல் எழுதுகிறேன். அவர் அதைச் சொன்னபோது இனித்தது. இரண்டு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். டெஸ்டிங் ரூமுக்கு நடந்து வருகிற வரைக்கும் இனித்தது. அங்கே அலமாரி இருந்தது. பக்கத்திலேயே போக முடியவில்லை.

வீட்டுக்காரர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. "ஒடம்புக்கு என்னளா?" என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 17, வெள்ளி

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரின்சி வந்தாள். மூன்று நாளில் முகம் பாதியாகியிருந்தது. அவள் அப்பாவின் பட்டையைத் திறந்த நிலையில் மேஜையில் வைத்தாள்.

"துளைக்குள்ள சந்தனம்க்கா," என்றாள்.

என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே நான் தொடச்சிருக்கணும். நாம வேற ஆளு, தொட்டா தப்பா நெனப்பாவளோன்னு பயந்துட்டேன். நம்ம ஊர்ல சைக்கிள் பம்புக்குக்கூடப் பொட்டு வைப்பாவ, ஓட்டை போடுதவளுக்கு அந்த யோசனை வர வேண்டாமா? மேல ஒரு மூடி வச்சிருக்கணும். என் தப்புதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரிப்போர்ட்ல என் பேரையே எழுதுங்க. சந்தனத்தப் பத்தி எழுத வேண்டாம், ஒங்க பேரு அடிபடும். ஒங்களுக்குப் பதினோரு வருஷ சர்வீசு. நான் எங்க போனாலும் வேல கெடச்சிரும்க்கா."

அவளுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும். எனக்குக் கிடைக்காது. அதைத்தானே சொல்கிறாள்? என்னைப் பார்த்து இரக்கப்படுகிறாள். அப்பா இரண்டு விரலில் உணர்ச்சியில்லாமல் கிடக்கிறார், இவள் வந்து எனக்கு வேலையைத் தானமாகக் கொடுக்கிறாள். மூளையில் ஜெயித்தாள், போகட்டும். பெரிய மனசிலும் என்னைத் தோற்கடித்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். எரிந்துகொண்டு வந்தது. நல்ல புத்தி வந்து நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த எரிச்சலில்தான் சொன்னேன்.

"ஒம் பிச்ச எனக்கு வேண்டாம்ளா!" என்று கத்தினேன். "துளை அங்கனதான் இருக்குன்னு தெரிஞ்சேதான் பொட்டு வச்சேன். நீ கேட்டப்ப தொடைக்க விடாமத் தடுத்ததும் நான்தான். சூடேத்திப் பாக்காமக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஒம் மேல பொறாமை. போதுமா?"

"கோவத்துல பேசுதிய," என்றாள். "சந்தனம் பட்டா அடைக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? கை தவறிப் பட்டிருக்கும்."

அப்போதும் நம்பவில்லை! எழுதிக் காட்டினால்தான் நம்புவாள் என்று பேனாவை எடுத்தேன். குறைக்குக் காரணம் என்ற கட்டத்தில் சந்தனத்தை எழுதினேன். பொறுப்பு என்ற கட்டத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன். வடிவமைப்பில் குறை இல்லை என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அவள் எதிரில் நின்று தலைகீழாகப் படித்துக்கொண்டே, "வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா" என்று என் கையைப் பிடித்தாள்.

அதற்கு அடுத்த கட்டம், குறை முதலில் தெரிய வந்த தேதி. பதினோரு வருஷமாக நிரப்புகிற தாள். தேதியில் மட்டும் நான் பொய் எழுதியதே இல்லை, கை அதுபாட்டுக்கு எழுதிவிடும். அக்டோபர் 9 என்று எழுதிவிட்டேன்.

என் கையைப் பிடித்திருந்த அவள் கை விலகியது. தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

"ஒம்பதாந் தேதியா?"

"ஆமா. ஒண்ணு திரும்பி வந்துது. தெறந்து பாத்தேன்."

"அப்பா பதிமூணாந் தேதில்லா கடலுக்குப் போனாவ."

அவள் விரலை மடக்கினாள். "வெள்ளி. சனி. ஞாயிறு." மூன்றாவது விரலை மடக்கியபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஞாயித்துக்கெழம நான் ஒங்களுக்கு போன் பண்ணுனேன். அப்பம் ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றேன்.

அறிக்கையை என் கையில் தரவில்லை. அவளே எடுத்துக்கொண்டு சார் ரூமுக்குப் போனாள்.